இல்லையென்ற வரலாற்றைத் தேடி எடுத்தவர்

நியூயார்க் மாநகரின் ஹார்லெம் பகுதியில், 135ஆம் தெருவும் லெனாக்ஸ் நிழற்சாலையும் கூடுமிடத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. அதன் முன்கூடத்துத் தரையில் கோலம் போன்றதொரு வட்ட ஓவியம் பதிக்கப்பட்டுள்ளது. ஆறுகள் என்று பெயர் சூட்டப்பட்ட அந்த ஓவியத்தின் கீழே ஒரு கவிஞரின் சாம்பல் அடங்கியிருக்கிறது. அக்கவிஞர் 1967ஆம் ஆண்டு மறைந்த லாங்ஸ்டன் ஹியூஸ். 1991ஆம் ஆண்டில் அவருடைய சாம்பல் அங்கே வைக்கப்பட்டது. நூலகத்தின் தரையே ஒரு கவிஞருக்கு நினைவிடமாவது உலகில் அரிதாக வாய்க்கும் பேறு.

அந்த ஓவியம் ஹியூஸ் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இன்னொரு மனிதரின் நினைவையும் அது சேர்த்தே ஏந்தி நிற்கிறது. அவர் கவிதை எழுதியவர் அல்லர். கல்லூரிப் பட்டம் பெற்றவரும் அல்லர். வங்கியொன்றின் அஞ்சல் பிரிவில் பணியாற்றி ஊதியம் பெற்றவர். ஆயினும் அந்நூலகம் இன்று அவர் பெயரால்தான் வழங்கி வருகிறது. ஆர்துரோ அல்போன்சோ ஷோம்பர்க் என்னும் அப்பெருமகனாரின் வாழ்க்கையை நம் வட்டத்துக் கவிஞர்களும் அன்பர்களும் அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

கரீபியக் கடலில் உள்ள புவெர்ட்டோ ரிக்கோ தீவு அந்நாளில் ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது. அத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1873ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். விடுதலை பெற்றவர்களும் மேலும் மூன்றாண்டுகள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தே தீரவேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. அச்சட்டம் பிறந்து ஓராண்டு நிறைவதற்குள், 1874ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள், சான் உவான் நகரில் ஷோம்பர்க் பிறந்தார். விடுதலை என்ற சொல் ஏட்டில் ஏறியும் வாழ்வில் இறங்காத காலம் அது.

அவருடைய தாய் மரியா ஹோசெஃபா, டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த செயிண்ட் குரோய் தீவிலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி; மருத்துவச்சியாகத் தொழில் செய்தவர். தந்தை செருமானிய வழிவந்த வணிகர். குழந்தை வளர்ந்தது தாயின் அரவணைப்பிலும் தாய்வழி உறவினரின் ஆதரவிலும்தான். தந்தையிடமிருந்து அவருக்குக் கிடைத்தது குடும்பப் பெயர் ஒன்றே எனலாம்.

அவர் சிறுவராய் இருந்தபோது பள்ளியில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியை அவர் வாழ்க்கையை எழுதியோர் தவறாமல் குறிப்பிடுகின்றனர். கறுப்பின மக்களுக்கு வரலாறு என்று ஒன்று கிடையாது. வீரரும் அறிஞரும் அவர்களிடையே தோன்றியதில்லை என்று ஆசிரியர் ஒருவர் வகுப்பில் சொல்லிவிட்டார். சொன்னவர் அதை அன்று மாலையே மறந்திருக்கக் கூடும். கேட்ட சிறுவன் அறுபத்து நான்கு வயதில் கண்மூடும்வரை மறக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுமொழி சொல்வதாகவே அவருடைய வாழ்நாள் முழுவதும் அமைந்தது.

இங்கே விந்தையான செய்தி ஒன்றுண்டு. சான் உவானிலும் செயிண்ட் தாமஸ் தீவிலும் தாம் கல்வி பயின்றதாக அவர் பிற்காலத்தில் கூறினார். ஆனால் அதனை உறுதிசெய்யும் பள்ளிப் பதிவேடோ சான்றிதழோ எதுவும் கிடைக்கவில்லை. ஓர் இனத்துக்கே சான்றுகளைத் தேடித் தந்தவருக்குத் தாம் படித்ததற்கென்று ஒரு துண்டுத்தாள் சான்று இல்லாமற் போயிற்று.

இரு தீவுகளின் விடுதலைக்காக

1891ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பதினேழு வயதில், அவர் நியூயார்க் வந்து சேர்ந்தார். ஸ்பானிய மொழி பேசும் தீவு மக்கள் பலர் அந்நாளில் அந்நகரில் சுருட்டுத் தொழிலிலும் அச்சுத் தொழிலிலும் ஈடுபட்டு வாழ்ந்து வந்தனர். கியூபாவையும் புவெர்ட்டோ ரிக்கோவையும் ஸ்பெயினின் பிடியிலிருந்து மீட்கவேண்டும் என்ற வேட்கை அவர்களிடையே கனன்றுகொண்டிருந்தது. கியூபக் கவிஞர் ஹோசே மார்த்தி அவ்வியக்கத்தின் உயிர்நாடியாக விளங்கினார். 1892ஆம் ஆண்டில் இரு அண்டிலிசுத் தீவுகள் என்னும் பெயரில் தொடங்கப்பெற்ற மன்றத்தில் ஷோம்பர்க் நிறுவன உறுப்பினராக இணைந்து அதன் செயலாளராகவும் தொண்டாற்றினார். பகலில் கிடைத்த வேலை, இரவில் பள்ளி, இடையில் இயக்கப் பணி என்று அவருடைய இளமை கழிந்தது.

1895ஆம் ஆண்டு மார்த்தி போர்க்களத்தில் உயிர் துறந்தார். 1898ஆம் ஆண்டு அமெரிக்கா ஸ்பெயினுடன் போரிட்டு வென்றது. புவெர்ட்டோ ரிக்கோ விடுதலை பெறுவதற்கு மாறாக அமெரிக்காவின் கைக்கு மாறியது. எந்த நாட்டுக்காக இளமையைச் செலவிட்டாரோ அந்த நாடு ஆண்டையை மாற்றிக்கொண்டதேயன்றித் தனக்கென ஆட்சியைப் பெறவில்லை. இயக்கத்தார் கலைந்தனர். ஷோம்பர்க்கின் உள்ளம் அரசியல் மேடையை விட்டு மெல்ல நீங்கி, சிறுவயதில் கேட்ட அந்த வாக்கியத்தின் பக்கம் திரும்பியது.

வங்கியும் பழைய புத்தகக் கடையும்

1901 முதல் 1906 வரை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக அவர் வேலை பார்த்தார். 1906ஆம் ஆண்டில் வால் தெருவிலிருந்த பேங்கர்ஸ் டிரஸ்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்பானிய மொழிப் புலமை அவருக்கு அங்கே கைகொடுத்தது. கரீபியத் தீவுகளிலிருந்தும் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வரும் அஞ்சல்களைக் கவனிக்கும் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளரானார். கறுப்பின ஊழியர் ஒருவர் அத்தகைய பொறுப்பில் இருப்பது அந்நாளில் வழக்கமன்று.

அவ்வங்கியில் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். மாலையில் அலுவலகம் முடிந்ததும் அவர் கால்கள் பழைய புத்தகக் கடைகளை நோக்கி நடக்கும். கறுப்பின மக்கள் எழுதிய நூல், அவர்களைப் பற்றிய நூல், அவர்கள் கையெழுத்திட்ட கடிதம், அவர்களை வரைந்த படம் என்று கண்ணில் பட்ட யாவற்றையும் திரட்டத் தொடங்கினார். அத்தகைய நூல்களைத் தேடி வருவோர் மிகச் சிலரே இருந்த காலம் அது. வெளிநாடு செல்லும் நண்பர்களிடம் பட்டியல் கொடுத்தனுப்பினார். அயல்நாட்டு நூல் வணிகர்களுடன் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார். ஊதியத்தின் பெரும் பகுதி நூல்களாகவே வீட்டுக்கு வந்தது. புரூக்ளினில் இருந்த அவருடைய வீட்டின் அறைகள் நூல்களால் நிறைந்தன. அவர் மும்முறை மணம் புரிந்தவர்; மனைவியர் மூவருக்கும் எலிசபெத் என்பதே பெயர். பிள்ளைகள் எண்மர். அத்துணைப் பெரிய குடும்பத்தில் நூலுக்கென்று செலவான ஒவ்வொரு டாலரும் வேறெங்கோ குறைந்த டாலர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அவர் திரட்டியவற்றுள் சிலவற்றை நோக்குவோம். ஆப்பிரிக்காவில் பிறந்து, ஏழெட்டு வயதுச் சிறுமியாக 1761ஆம் ஆண்டில் பாஸ்டன் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டவர் பிலிஸ் வீட்லி. அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயரையே அவருக்குச் சூட்டினர். வந்த பன்னிரண்டே ஆண்டுகளில், 1773இல், அவருடைய ஆங்கிலக் கவிதை நூல் இலண்டனில் வெளியாயிற்று. ஓர் அடிமைப் பெண் கவிதை எழுதக்கூடும் என்பதை உலகம் நம்பாது என்று கருதி, ஆளுநர் உள்ளிட்ட பதினெட்டுப் பெருமக்கள் கையொப்பமிட்ட உறுதிமொழியை அந்நூலின் முன்னால் அச்சிட்டார்கள். கவிஞர்களாகிய நாம் ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். தாம் எழுதிய கவிதை தம்முடையதுதான் என்பதற்குப் பதினெட்டுப் பேரின் சாட்சியம் தேவைப்பட்ட கவிஞர் வேறு எவர் இருந்திருப்பார்?

இன்னொரு நூல் 1573ஆம் ஆண்டில் ஸ்பெயினின் கிரனாடா நகரில் அச்சானது. எழுதியவர் உவான் லத்தீனோ. அடிமையாக வாழ்வைத் தொடங்கி, இலத்தீன் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியராக உயர்ந்தவர். அவருடைய இலத்தீன் செய்யுள் நூலும் ஷோம்பர்க்கின் திரட்டில் இடம் பெற்றது. பெஞ்சமின் பானக்கர் என்னும் கறுப்பின அறிஞர் 1792ஆம் ஆண்டுக்கெனக் கணித்த பஞ்சாங்கம், ஹெய்ட்டி நாட்டின் விடுதலைப் போரை நடத்திய தூசேன் லூவெர்த்தூர் தொடர்பான ஆவணங்கள் ஆகியவற்றையும் அவர் தேடிச் சேர்த்தார். இவை ஒவ்வொன்றும் அந்தப் பள்ளி ஆசிரியரின் மேசைமீது வைக்கப்பட்ட மறுமொழி.

கவிஞர்களின் பட்டியல்

1911ஆம் ஆண்டில், இதழாளர் ஜான் எட்வர்ட் புரூசு என்பவருடன் சேர்ந்து, வரலாற்று ஆய்வுக்கென ஒரு கழகத்தை ஷோம்பர்க் நிறுவினார். நீக்ரோ வரலாற்று ஆய்வுக் கழகம் என்பது அதன் பெயர். நீக்ரோ என்ற சொல்லை இன்று நாம் தவிர்க்கிறோம். அந்நாளில் அம்மக்கள் தங்களைக் குறிக்கத் தாங்களே மதிப்புடன் வழங்கிய சொல் அதுவாகும். 1914ஆம் ஆண்டில் அமெரிக்க நீக்ரோ கலைக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1897இல் தோன்றிய அக்கலைக்கழகம் பட்டமும் பதவியும் பெற்ற அறிஞர் பெருமக்களின் அவை. அதில் வங்கி ஊழியர் ஒருவர் இடம் பெற்றதோடு, 1920 முதல் 1928 வரை அதன் தலைவராகவும் விளங்கினார்.

1915ஆம் ஆண்டு வெளியான பிலிஸ் வீட்லி கவிதைப் பதிப்புக்கு அவர் பாராட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு, 1916இல், அமெரிக்கக் கறுப்பினக் கவிதைகளுக்கான நூற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அவருடைய பணிகளுள் நம் வட்டத்தார் சிறப்பாக நினைவில் கொள்ளத்தக்கது இதுவே. அது திறனாய்வு நூலன்று. இன்னார் எழுதினார், இன்ன பெயரில் எழுதினார், இன்ன ஊரில் அச்சாயிற்று, இன்ன ஆண்டில் வெளிவந்தது என்ற வரிகள் மட்டுமே அதில் உண்டு. ஆனால் அந்த வரிகளை அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒரு மரபு கண்முன் எழுகிறது. தமக்கு முன்னே யாருமில்லை என்று எண்ணி எழுதிக்கொண்டிருந்த ஓர் இளங்கவிஞருக்கு, உனக்கு முன்னே ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கவிஞர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்தச் சிறுநூல் எடுத்துச் சொல்லியது. பட்டியல் இடுதல் எளிய வேலை என்று நாம் கருதுகிறோம். மறக்கப்பட்ட ஒரு பெயரை முதன்முதலாக ஒரு பட்டியலில் ஏற்றுபவர், அப்பெயருக்குரியவரைப் புதைகுழியிலிருந்து எழுப்புகிறார்.

ஷோம்பர்க் குறைகளே இல்லாதவர் என்று காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அன்று. அவருடைய உரைநடையில் கரடுமுரடு உண்டு. முறையான ஆய்வுப் பயிற்சி பெறாதவர் என்று பட்டம் பெற்ற அறிஞர் சிலர் அவரைக் குறைத்து மதிப்பிட்டதும் உண்டு. அவர் தலைமை ஏற்றிருந்த கலைக்கழகம் அவர் காலத்திலேயே, 1928இல், செயலற்று முடிந்தது. ஆர்துரோ என்ற ஸ்பானியப் பெயரை ஆர்தர் என்று ஆங்கிலமாக்கிக்கொண்டு அவர் தம் தீவு மக்களை விட்டு விலகிப்போனார் எனக் குறைப்பட்டோரும் இருந்தனர். எனினும் அவருடைய திரட்டில் ஸ்பானிய நூல்கள் ஆங்கில நூல்களின் அருகிலேயே இடம்பெற்றிருந்தன. தீவு எது, பெருநிலம் எது, மொழி எது என்று பிரித்துப் பாராமல், கடல் கடந்து சிதறிய ஓரினத்தின் கதை ஒன்றே என்று அவர் கண்டார்.

திரட்டியதை ஊருக்குத் தந்தவர்

1920களில் ஹார்லெம் கறுப்பினக் கலைகளின் தலைநகராக மலர்ந்தது. தென் மாநிலங்களின் கொடுமைகளுக்குத் தப்பி வந்தோரும், கரீபியத் தீவுகளிலிருந்து வந்தோரும் அங்கே நிறைந்தனர். 1905இல் திறக்கப்பட்ட 135ஆம் தெருக் கிளை நூலகம் அம்மக்களின் கூடமாயிற்று. 1920இல் அங்குத் தலைமை ஏற்ற எர்னஸ்டின் ரோசு என்னும் வெள்ளையின அம்மையார் அம்மக்களின் தேவையை உணர்ந்து செயற்பட்டவர். அதே ஆண்டில் பணியில் சேர்ந்த கேத்தரின் லாட்டிமர், நியூயார்க் பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகர். கறுப்பின வரலாற்று நூல்களைக் கேட்டு வருவோர் பெருகப் பெருக, இருந்த சில நூல்களும் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்துபோயின. ஆகவே 1925ஆம் ஆண்டு மே திங்களில் அவற்றுக்கெனத் தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்பெற்றது. அதற்கு வழிகோலிய குழுவில் ஷோம்பர்க்கும் இருந்தார்.

அதே 1925ஆம் ஆண்டில், அலெய்ன் லாக் என்னும் அறிஞர் பதிப்பித்த ஹார்லெம் சிறப்பிதழில் ஷோம்பர்க்கின் புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. தம் இனம் தன் கடந்த காலத்தைத் தோண்டி எடுக்கவேண்டிய தேவையை அதில் விளக்கினார். வெறும் தற்பெருமை வரலாறு ஆகாது. முன்னோரை வானளாவப் புகழ்ந்து எழுதிய பழைய நூல்கள் போதா. ஆவணம் கொண்டு நிறுவப்படுவதே நிற்கும் என்பது அவர் கருத்து. இனப்பெருமை பேசும் எவரும் நெஞ்சில் நிறுத்தவேண்டிய எச்சரிக்கை இது. பொய்யான இழிவுக்கு மருந்து பொய்யான பெருமை அன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

மறு ஆண்டு, 1926இல், அவர் வாழ்வின் திருப்பம் நிகழ்ந்தது. தேசிய நகர்ப்புறக் கழகத்தாரின் முயற்சியால், கார்னெகி நிதியம் 10,000 டாலர் கொடுத்து அவருடைய திரட்டை வாங்கி நியூயார்க் பொது நூலகத்துக்கு வழங்கியது. 5,000க்கும் மேற்பட்ட நூல்கள், 3,000 கையெழுத்துப் படிகள், 2,000 செதுக்கோவியங்கள், பல ஆயிரம் துண்டு வெளியீடுகள் ஆகியவை 135ஆம் தெருவின் அலமாரிகளைச் சென்றடைந்தன. நூல் சேர்ப்போரின் மனநிலையை அறிந்தவர்களுக்கு அச்செயலின் அருமை விளங்கும். கைவிட்டுப் போகும் ஒரு நூலுக்காகவே வருந்தும் இயல்பினர் அவர்கள். இவரோ முப்பதாண்டுத் தேட்டத்தை, பணம் கட்டாமல் எவரும் உள்ளே வந்து அமர்ந்து படிக்கக்கூடிய ஒரு தெருமுனை நூலகத்தில் கொண்டு வைத்தார். செல்வர் ஒருவரின் மாளிகைக்கோ தொலைவில் உள்ள பல்கலைக்கழகத்துக்கோ போகாமல், அது யாருடைய வரலாறோ அவர்கள் வாழும் தெருவுக்கே போய்ச் சேர்ந்தது.

கிடைத்த பணத்தையும் அவர் வீட்டில் வைத்திருக்கவில்லை. அந்த ஆண்டே ஐரோப்பாவுக்குப் பயணமானார். ஸ்பெயினின் செவில் நகரில் உள்ள இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகத்தில் ஏடுகளைப் புரட்டினார். மத்ரீது நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உவான் தே பரேகாவின் ஓவியத்தைத் தேடிச் சென்று கண்டார். பரேகா, பதினேழாம் நூற்றாண்டின் பேரோவியர் வெலாஸ்கசிடம் அடிமையாக இருந்தவர். பின்னர் விடுதலை பெற்றுத் தாமே ஓவியரானவர். அவர் 1661இல் தீட்டிய புனித மத்தேயுவின் அழைப்பு என்னும் ஓவியத்தில் தம் உருவத்தையும் ஓரத்தில் வரைந்து வைத்தார். வெலாஸ்கசு வரைந்த பரேகாவின் உருவப்படத்தை உலகம் போற்றிற்று. பரேகா வரைந்தவற்றைத் தேடிப் போனவர்கள் சிலரே. 2023ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பரேகாவுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியபோது, ஷோம்பர்க்கின் அந்தத் தேடலையும் போற்றி எடுத்துக் காட்டியது. தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு வங்கி ஊழியர் நடந்த வழியில் பெரும் அருங்காட்சியகம் பின்னால் வந்து சேர்ந்தது.

இறுதி ஆண்டுகள்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. 1931-32இல் அங்கே கறுப்பின நூல் திரட்டின் காப்பாளராக அவர் பணிபுரிந்தார். நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய தென் மாநிலம் அது. தொடர்வண்டியில் கறுப்பினத்தார்க்குத் தனிப்பெட்டி. ஏறத்தாழ நூறு நூல்களே இருந்த அத்திரட்டை அவர் குறுகிய காலத்தில் 4,600ஆக வளர்த்துத் தந்தார்.

1932ஆம் ஆண்டு முதல் 135ஆம் தெரு நூலகத்தில், தாம் திரட்டிய நூல்களுக்குத் தாமே காப்பாளரானார். தம் வீட்டிலிருந்து சென்ற நூல்களை, இப்போது ஊதியம் பெறும் ஊழியராக, கேட்பவருக்கு எடுத்துக் கொடுத்தார். அது கடும் பொருளாதார மந்த காலம். வேலையிழந்தோர் பலர் நூலகத்தின் மேசைகளைச் சுற்றி அமர்ந்திருப்பர். 1934இல் ஆரன் டக்ளசு என்னும் ஓவியர் ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா வரையிலான அம்மக்களின் பயணத்தை நான்கு பெரும் ஓவியங்களாக அந்நூலகத்துக்கென்று தீட்டினார்.

தென் மாநிலத்திலிருந்து ஹார்லெம் வந்து சேர்ந்த ஜான் ஹென்ரிக் கிளார்க் என்னும் இளைஞர், ஷோம்பர்க்கின் கட்டுரையைப் படித்தவர், அவரைத் தேடி நூலகத்துக்கு வந்தார். தம் இனத்தின் வரலாற்றை உடனே கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்ட அவரிடம், முதலில் ஐரோப்பாவின் வரலாற்றைப் படித்து வருமாறு ஷோம்பர்க் அறிவுறுத்தினார். நம்மை அடிமைப்படுத்தியவர்களின் கதையை அறிந்தாலன்றி நம் கதையின் விடுபட்ட பக்கங்கள் விளங்கா என்பது அவர் காட்டிய நெறி. அவ்விளைஞர் பிற்காலத்தில் வரலாற்றுப் பேராசிரியராக உயர்ந்தார்.

கென்னத் கிளார்க் என்னும் இன்னொருவரும் சிறுவயதில் அந்நூலகத்தில் ஷோம்பர்க்கைக் கண்டவர். தம்மைச் சிறுவன் என்று ஒதுக்காமல், பெரியவரோடு பேசுவது போல் அமரவைத்துப் பேசிய அந்த அன்பை அவர் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். கென்னத் கிளார்க் உளவியல் அறிஞரானார். அவரும் அவர்தம் துணைவியார் மேமியும் கறுப்பினக் குழந்தைகளின் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து ஆய்வு நடத்தினர். எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைச் சுட்டினர். தாம் இழிந்தவர் என்ற எண்ணத்தை அப்பிஞ்சு வயதிலேயே உலகம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. 1954ஆம் ஆண்டில் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வும் அத்தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம் பெற்றது.

சான் உவான் நகரின் வகுப்பறை நம் நினைவுக்கு வருகிறது. உனக்கு வரலாறு இல்லை என்று கேட்ட சிறுவன் வளர்ந்து, நூல்களைத் திரட்டி, ஒரு நூலகத்தில் அமர்ந்து, மற்றொரு சிறுவனுக்கு அவன் மதிப்பை உணர்த்தினான். அச்சிறுவன் வளர்ந்து, நாட்டின் பள்ளிகளிலிருந்தே அவ்விழிவை நீக்கும் சான்றைத் தந்தான். பழம்பொருளைக் காப்பதும் சமத்துவத்துக்குப் போராடுவதும் இரு வேறு வேலைகள் என்று எண்ணுவோர்க்கு இந்த வரலாறு விடையாகும்.

தீர்ப்பைக் காண ஷோம்பர்க் இருக்கவில்லை. 1938ஆம் ஆண்டு சூன் திங்களில் புரூக்ளின் மருத்துவமனையில் அவர் காலமானார். 1940இல் அந்தப் பிரிவுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. 1972இல் அது ஷோம்பர்க் கறுப்பினப் பண்பாட்டு ஆய்வு மையமாக உயர்ந்தது. 1980இல் புதிய கட்டடம் எழுந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பொருள்களுடன் தொடங்கிய அத்திரட்டு இன்று ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்டுள்ளது. சிக்காகோவில் 1961இல் ஓர் இணையரின் இல்லத்தில் தொடங்கிய டுசாபிள் அருங்காட்சியகமும், வாஷிங்டன் நகரில் 2016இல் திறக்கப்பெற்ற தேசிய ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று, பண்பாட்டு அருங்காட்சியகமும் அவ்வழியில் தோன்றியவையே.

நிறைவாக

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. இப்பத்தாண்டுகளில் நாம் அரங்கேற்றிய கவிதைகள், அச்சிட்ட அழைப்பிதழ்கள், எழுதிவைத்த கூட்டக் குறிப்பேடுகள், மறைந்த நண்பர்களின் கையெழுத்துப் படிகள் யாவும் எங்கே இருக்கின்றன? சில ஒருவர் வீட்டுப் பரண்மேல். சில இன்னொருவர் பெட்டியில். சில பழைய தாளாக எடைக்குப் போயிருக்கவும் கூடும். ஷோம்பர்க் தேடிய நூல்களும் அப்படிப் போயிருக்கவேண்டியவையே. மாலை வேளையில் களைத்துத் திரும்பும் ஓர் ஊழியர் அவற்றுக்காக நின்றார் என்பதே வேறுபாடு.

அவரிடம் செல்வம் இல்லை, பட்டம் இல்லை, அதிகாரம் இல்லை. ஊதியத்தில் ஒரு பங்கும், மாலை நேரங்களும், விட்டுக்கொடுக்காத ஐயமும் மட்டுமே இருந்தன. தமக்கென்று சேர்த்ததை ஊருக்கென்று கொடுக்கும் மனமும் இருந்தது. நம்மிடம் இருப்பவற்றைப் பட்டியலிடும் வேலையை இப்பத்தாம் ஆண்டிலேனும் நம்முள் ஒருவர் தொடங்குவாராயின், அதுவே அப்பெருமகனாருக்கு நம் வட்டம் செலுத்தும் தக்க அஞ்சலியாகும்.